விதானத்தைக் கொத்துவதற்கு முன்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் சாலையின் இருபுறமும் கரிசல். மழையில் ஊதிப் பெருத்து, கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடக்கும் மண் அது. அதன்மேல் வீடு கட்டுகிறவன் சுவர் ஒருநாள் விரியும் என்பதை ஒப்புக்கொண்டுதான் கட்டவேண்டும். எங்கள் பூர்வீக வீடும் அப்படி விரிந்த வீடுதான். தாத்தாவின் தகப்பனார் கட்டியது. தேக்கு உத்திரங்களை நெருக்கமாக இட்டு, அவற்றின்மேல் சிறு செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பால் இறுக்கிய மச்சு. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில் பட்டகசாலையின் விதானத்திலிருந்து ஒரு முறம் அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. நல்லவேளையாக அதன்கீழ் யாரும் படுத்திருக்கவில்லை.

அருப்புக்கோட்டையிலிருந்து வந்த கொத்தனார் அறுபதைத் தாண்டியவர். சாரம் கட்டி ஏறி, விரல்முட்டியால் விதானத்தைத் தட்டிக்கொண்டே போனார். பிடிப்புள்ள இடம் கல்லைப்போல ஒலித்தது. பிடிப்பு விட்ட இடம் வெறுங்குடத்தைப்போல ஒலித்தது. கீழே இறங்கி, “தம்பி, ஒட்டுப்போட்டா நிக்காது. மேல இருக்கிற பெயிண்டு பூராத்தையும் எடுத்து, கொத்திவிட்டுத்தான் பூசணும். பழசு வழுக்கும், புதுசு பிடிக்காது” என்றார். நான் சரி என்றேன். இந்தக் கட்டுரை அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றியது.

அவர் சொன்னது தொழில்முறையில் முற்றிலும் சரி. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுடும்போது அதிலிருந்து கரியமிலவாயு வெளியேறுகிறது. நீற்றும்போது அது நீரை ஏற்றுக்கொள்கிறது. மணலோடு அரைத்துப் பூசிய பிறகு, காற்றிலிருந்து கரியமிலவாயுவைச் சிறிது சிறிதாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. இந்தச் சுழற்சி ஒழுங்காக நடக்க, அடியில் இருக்கும் பரப்பு புதுப்பூச்சின் ஈரத்தை அளவாக உறிஞ்சவேண்டும். பூச்சு பற்றிக்கொள்ளச் சொரசொரப்பும் வேண்டும். எண்ணெய் வண்ணத்தில் இரண்டும் இல்லை. பசை கலந்த டிஸ்டெம்பரோ ஈரம் பட்டதும் இளகிப் பொடியாகிறது. சுவரிலாவது பிடிப்பற்ற பூச்சு சில காலம் சாய்ந்து நிற்கும். விதானத்தில் பூச்சின் முழுப் பாரமும் தொங்குகிறது. ஆகவே தட்டிப்பார்த்து, பொள்ளலை உதிர்த்து, வண்ணத்தைச் சுரண்டி, உளியால் நெருக்கமாகக் கொத்தி, தூசி போகத் துடைத்து, நீர் தெளித்து ஊறவிட்டு, அதன்பிறகே கரணையைக் கையில் எடுக்கவேண்டும். இதில் ஒன்றைத் தாண்டினாலும் பூச்சு ஒரு மழைக்குமேல் தாங்காது.

அன்று கொத்தியபோது படலம் படலமாக உதிர்ந்தது. மேலே வெள்ளை எமல்ஷன். அதன்கீழ் அத்தையின் கல்யாணத்துக்கு அடித்த இளம்பச்சை எண்ணெய்ப் பெயிண்ட். அதன்கீழ் நீலம் கலந்த சுண்ணாம்பு, பொங்கலுக்குப் பொங்கல் அடித்து வெங்காயச் சருகுபோல ஏறியிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், வழவழப்பான பழைய சுதையின்மேல், காவியும் மஞ்சளும் கருநீலமும் இருந்தன. அதை முதலில் பார்த்தது நானல்ல. தேநீர் கொண்டுவந்த அம்மா. தரையில் கிடந்த சில்லுகளில் ஒன்றைக் குனிந்து எடுத்தார். உள்ளங்கை அளவு சில்லில் ஒரு கிளியின் மூக்கும் கண்ணும் இருந்தன. அண்ணாந்து பார்த்தபோது நடுவில் இருந்த தாமரையில் இரண்டு இதழ்கள் மட்டும் மிச்சம். விதானத்தில் முக்கால்வாசி ஏற்கனவே கொத்தப்பட்டுவிட்டது. பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. “ஆமா, கிளி இருந்துச்சு. நான் வாக்கப்பட்டு வந்தப்ப பாத்திருக்கேன்” என்றார். அவரை யாரும் அதுவரை கேட்டதில்லை.

ஒரு நடுத்தரக் குடும்பத்தின் விதானத்துக் கிளி பெரிய கலைப்பொருள் அல்ல. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத் தொடங்கியபோது, இந்த வறண்ட சீமைக்கும் வண்ண விதானங்களுக்கும் உள்ள பழைய உறவு புலப்பட்டது. 1985-ல் விருதுநகர் மாவட்டம் பிரிக்கப்படும்வரை அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அதற்கும் முன்பு அவை சேதுபதிகளின் சீமை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதி இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தைச் சுவரும் விதானமுமாக ஓவியங்களால் நிறைத்தார். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ஐரோப்பியர் சந்திப்பு, அம்மனிடமிருந்து மன்னர் செங்கோல் பெறும் காட்சி, இராமாயணம், பாகவதம் எல்லாம் அங்கே உண்டு. இன்று அது தமிழ்நாடு தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. வடக்கே அழகர்கோயில் வசந்த மண்டபத்தின் விதானத்தில் இராமாயணம் வரையப்பட்டிருக்கிறது. மதுரையில் பொற்றாமரைக் குளத்தருகே ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில் மீனாட்சி திருக்கல்யாணக் காட்சியோடு இராணி மங்கம்மாளும் இடம்பெற்றிருக்கிறாள். இவை போன்ற பெரிய விதானங்களைப் பார்த்துப் பழகிய ஒரு நாட்டில்தான், மழை பெய்து வெள்ளாமை தேறிய ஒரு வருஷத்தில், என் முன்னோர் ஒருவர் தன் பட்டகசாலைக்கும் ஒரு தாமரை வேண்டும் என்று நினைத்திருக்கவேண்டும்.

அந்தத் தாமரை ஏறிய சுதையும் இந்த மண்ணில் விளைந்ததே. கரிசலைத் தோண்டினால் சுக்கான் கற்கள் கிடைக்கும். அவற்றைச் சுட்டு, நீற்றி, மணலோடு சேர்த்துச் செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிக் கரைசலும் விட்டுப் புளிக்கவைத்துப் பூசினார்கள். பனை நிறைந்த ஊர்களில் கருப்பட்டிக்குப் பஞ்சமில்லை. அருப்புக்கோட்டைக்கு அருகே பந்தல்குடிப் பக்கம் பூமிக்கடியில் இருப்பதும் சுண்ணாம்புக்கல்தான். 1962-ல் இராமசாமிராஜா நகரில் சிமெண்ட் ஆலை வந்தது. ஒரே கல்லிலிருந்து இரண்டு பொருள்கள், இரண்டு குணங்கள். சுண்ணாம்புப் பூச்சு மெல்ல இறுகும், சற்று நெகிழும், ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிமெண்ட் விரைவில் இறுகும், நெகிழாது, ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசினால், வெளியேற வழியில்லாத ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு பழைய பூச்சின் வழியாகவே வெடித்துக் கிளம்புகிறது. வண்ணம் இருந்தால் முதலில் உதிர்வது வண்ணம்தான்.

பழைய விதானத்தின்மேல் புதிது ஏற்றுவது நம் காலத்து வழக்கம் அல்ல. புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் தாமரைக் குளத்து ஓவியத்தை நாம் அறிவோம்; அதுவும் விதான ஓவியமே. அங்குள்ள கல்வெட்டு, அவனிபசேகரன் என்ற பட்டம் கொண்ட பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியரான இளங்கௌதமன் அதைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. கருவறை விதானத்தில் பழைய ஓவியப் படலம் ஒன்றும் அதன்மேல் புதிய படலம் ஒன்றும் இருப்பதைப் பின்னாளில் ஆய்வாளர்கள் கண்டார்கள். அங்கே சுதையின் கனம் சில மில்லிமீட்டர்தான். ஏற்கனவே வண்ணம் ஏறியிருந்த ஒரு விதானத்தைப் புதுப்பூச்சுக்கு ஆயத்தம் செய்த மனிதர்கள் இந்தப் பாண்டிய நாட்டிலேயே ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு சாரத்தில் ஏறி நின்றிருக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. அவர்கள் கையிலும் எங்கள் கொத்தனாரின் கேள்வியே இருந்திருக்கும்: எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விடுவது?

தஞ்சைப் பெரிய கோயிலின் கதை விதானத்தைவிடச் சுவரைப் பற்றியது. ஆனாலும் இந்தக் கேள்விக்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட நடையில், நாயக்கர் காலப் பூச்சு பெயர்ந்திருந்த இடத்தில் அதன் அடியில் சோழர் கால ஓவியத்தைக் கண்டார். ஏறத்தாழ அறுநூறு ஆண்டு மூப்புள்ள ஓவியத்தின்மேல் நாயக்கர் கால ஓவியர்கள் புதிய சுதையைப் பூசித் தங்கள் ஓவியத்தை வரைந்திருந்தார்கள். அதன் தொழில்முறையை ஆராய்ந்த வேதியியலாளர் எஸ்.பரமசிவன், சோழர் கால ஓவியம் ஈரம் காயாத சுதையின்மேல் எழுதப்பட்டது என்று முடிவு செய்தார். நிறம் சுண்ணாம்போடு சேர்ந்தே கல்லாகிவிட்ட ஓவியம் அது. எங்கள் கொத்தனார் அன்று தஞ்சையில் இருந்திருந்தால் “எல்லாத்தையும் எடுத்தாத்தான் நிக்கும்” என்று சொல்லியிருப்பார். அவர்கள் அப்படி எடுக்கவில்லை. பழையதை அழிக்க மனமில்லாமலா, வேலை மிச்சம் என்றா என்று இன்று யாராலும் சொல்லமுடியாது. ஆனால் முழுமையாகச் செய்யப்படாத அந்த ஆயத்தத்தினால்தான் இராஜராஜன் காலத்து நிறங்கள் நமக்குக் கிடைத்தன.

பின்னர் இந்தியத் தொல்லியல் துறை எதிர்த்திசையில் இதே சிக்கலைச் சந்தித்தது. சோழ ஓவியத்தை வெளிக்கொணர நாயக்கர் ஓவியத்தை எடுக்கவேண்டும். மேல் படலத்தை ஓவியத்தோடு அப்படியே பெயர்த்தெடுத்து, கண்ணாடி இழைப் பலகைகளில் ஏற்றி, கோயில் வளாகத்திலேயே காட்சிக்கு வைத்தார்கள். ஒன்றைக் காண்பதற்காக மற்றொன்றைக் கொல்லவேண்டியதில்லை என்பதற்கு அது எடுத்துக்காட்டு. எல்லா ஊரிலும் எல்லாச் சுவருக்கும் அது இயலாது என்பதும் உண்மைதான்.

இங்கே ஒரு மறுப்பை நானே எழுப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பழையதை எல்லாம் காப்பாற்றிக்கொண்டே இருந்தால் புதியது எங்கே வரும்? உரோமின் சிஸ்டைன் தேவாலயத்து விதானத்தில் முதலில் இருந்தது பியெர்மத்தேயோ தமேலியா என்ற ஓவியர் தீட்டிய விண்மீன்கள் நிறைந்த நீல வானம். 1504-ல் கட்டடம் அசைந்து விதானத்தில் விரிசல் விழுந்தது. 1508-ல் பியெரோ ரொஸ்ஸெல்லி என்ற கட்டுநர் அந்த வானத்தைக் கொத்தி எடுத்துப் புதிய சுதைக்குப் பரப்பை ஆயத்தம் செய்தார். அதற்குக் கொடுத்த கூலி மைக்கலாஞ்சலோவின் கணக்குக் குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. 1512-ல் முடிந்த ஓவியத்தை உலகம் அறியும். வர்ணம் பூசிய விதானத்தைக் கொத்தியது குற்றம் என்று யாராவது அன்று தடுத்திருந்தால் மனிதகுலம் இழந்திருக்கக்கூடியது எவ்வளவு! ஆகவே கொத்துவதே பாவம் என்று என்னால் சொல்லமுடியவில்லை. அதே நேரத்தில் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அந்த மறைந்த வானத்தின் வடிவத்தைக் காட்டும் வரைபடம் ஒன்று ஃபிளாரன்ஸின் உஃபீசி கூடத்தில் இன்றும் இருக்கிறது. வானம் போய்விட்டது, அது எப்படி இருந்தது என்பது போகவில்லை.

இந்த நாகரிகத்துக்கு நாம் இத்தாலிக்குப் போகவேண்டியதில்லை. திருமழபாடி வைத்தியநாதர் கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்ட இராஜராஜ சோழன் ஆணையிட்டபோது, சுவர்களில் இருந்த பழைய கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுத்துக்கொள்ளச் செய்தான். புதிய கோயில் எழுந்து, இராஜேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லில் பொறிக்கப்பட்டன. இதைச் சொல்வதும் ஒரு கல்வெட்டே. பழைய கோயிலை இடிக்க அவர்களுக்குத் தயக்கம் இல்லை. திருப்பணி என்பது புண்ணியம். ஆனால் இடிப்பதற்கு முன் செய்யவேண்டிய ஒரு வேலை உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கல்வெட்டுக்குக் கிடைத்த அந்த மரியாதை ஓவியத்துக்கு ஏன் கிடைக்கவில்லை? கல்வெட்டில் நிலமும் வரியும் உரிமையும் இருந்தன. தொலைந்தால் வழக்கு வரும். விதானத்துத் தாமரை தொலைந்தால் யாரும் வழக்கிடமாட்டார்கள் என்பதே விடை என்று தோன்றுகிறது. பரிபாடல் பாடும் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபம் இன்று பாட்டில் மட்டும் இருக்கிறது. பாடிய புலவன் ஒருவன் இருந்ததால் அதுவாவது எஞ்சியது. பாடப்படாத மண்டபங்கள் எத்தனையோ!

கடந்த அரை நூற்றாண்டில் இந்த மறதி கருவிகளையும் பெற்றுக்கொண்டது. உளியும் சுரண்டியும் மட்டும் இருந்த காலத்தில் சோம்பலே பல ஓவியங்களைக் காப்பாற்றியது. சுண்ணாம்பு அடித்து மூடிய ஓவியம் இறந்துவிடுவதில்லை. காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பிற்காலப் பூச்சுக்கு அடியிலிருந்து பல்லவர் ஓவியங்கள் வெளிப்பட்டன. ஆனால் காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சிக் கல்லைச் ‘சுத்தம்’ செய்யும் முறை வந்தபோது ஒரே பகலில் ஒரு மண்டபத்தின் எல்லாப் படலங்களும் போயின. கல்வெட்டு எழுத்துகளும் மழுங்கின. பின்னர் அந்த முறை தடை செய்யப்பட்டது. தொன்மையான கோயில்களின் பாதுகாப்பு பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2015-ல் தானாகவே எடுத்துக்கொண்ட வழக்கில், 2021 ஜூன் மாதம் 75 கட்டளைகள் அடங்கிய தீர்ப்பு வந்தது. சட்டம் தன் பங்கைச் செய்கிறது. ஆனால் நான் ‘சரி’ என்று சொன்ன அந்தக் கணத்தில் எந்த நீதிமன்றமும் பட்டகசாலையில் நிற்காது. ஊர்ப் பொதுவில் இருக்கும் சிறிய சாவடியிலும் மடத்திலும் பழைய வீட்டிலும் முடிவு எடுப்பவர் சாரத்தின்கீழ் நிற்கும் ஒருவர்தான்.

ஆகவே அந்த ஒருவருக்காக, நான் தாமதமாகக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன். முதலில் வீட்டின் மூத்த பெண்களைக் கேட்கவேண்டும். விதானத்தைப் படுத்துக்கொண்டு பார்த்தவர்கள் அவர்கள். பிறகு கொத்தனார் ஏறுவதற்கு முன், நடுவில் ஓரிடம், மூலையில் ஓரிடம், உத்திரத்தை ஒட்டி ஓரிடம் என்று உள்ளங்கை அளவுக்குச் சிறு கத்தியால் படலம் படலமாகச் சுரண்டிப் பார்க்கவேண்டும். அடியில் நிறம் தென்பட்டால் வேலையை நிறுத்தி, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுக்கவேண்டும். எண்ணெய் வண்ணமோ டிஸ்டெம்பரோ அடியில் இருக்கும் ஓவியத்தோடு ஒட்டியிருந்தால் தேய்க்காமல் வல்லுநரை அழைப்பதே நல்லது. பூச்சு விழுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் மேலே மொட்டைமாடியில் இருக்கும். ஒழுக்கை அடைக்காமல் கீழே பூசுவது வீண். பொள்ளலான இடத்தை மட்டும் உதிர்த்து, உறுதியாக இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, சுண்ணாம்பைச் சுண்ணாம்பாலேயே இட்டு நிரப்பலாம். இத்தனைக்குப் பிறகும் எல்லாவற்றையும் கொத்தத்தான் வேண்டும் என்றால் கொத்தலாம். அப்போது கையில் ஒரு படி இருக்கும்.

எங்கள் விதானம் பூசி முடிக்கப்பட்டது. பூச்சு நன்றாகவே பிடித்திருக்கிறது. கொத்தனார் சொன்ன வாக்குப் பொய்க்கவில்லை. கூலி வாங்கிக்கொண்டு புறப்படும்போது அவர் வடகிழக்கு மூலையைக் காட்டினார். சாமி மாடத்துக்கு நேர்மேலே ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சு ஏறாமல் இருந்தது. அதில் காவிக் கரையும், கரைக்குள் ஒரு கிளியின் வாலும் இருந்தன.

“ஆத்தா சில்லை எடுத்து வச்சிருந்தாகளே, அதப் பாத்தேன். இந்த மூலையைக் கொத்தலை தம்பி. நல்லாத்தான் பிடிச்சிருந்துச்சு” என்றார்.

அந்த ஒரு சாணை இப்போது படம் எடுத்து வைத்திருக்கிறேன். மீதி விதானத்தில் எத்தனை கிளிகள் இருந்தன என்று பெரியம்மாவைக் கேட்டேன். எட்டு என்றார். சற்று யோசித்துவிட்டு, பத்து இருக்கும் என்றார்.